பொழுதுபோக்கு என்னும் இழிசொல்

மாத்தளையில் அண்மையில் நடந்த ஒரு சிறு கைப்பணிக் கண்காட்சியின் தொடக்க வைபவத்தில், பேச அழைக்கப்பட்டிருந்த பெரியவர் ஒருவரின் உரைக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. பெயர் வேண்டாம், பதவியும் வேண்டாம். அவர் சொன்னதன் சாரம் இது: நமது பெண்பிள்ளைகள் கம்பளிநூலை வைத்துக்கொண்டு சூனியக்காரன் தொப்பியும் பறக்கும் பாம்பும் பின்னுகிறார்கள். அதற்குக் கட்டம் கட்டமாகப் படம் வேறு வரைகிறார்கள். பின்னியதை முகந்தெரியாத வெளிநாட்டுக்காரிக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். அவள் பதிலுக்கு ஏதோ அனுப்புகிறாளாம். இந்த நேரத்தில் இரண்டு கால்மிதி தைத்தால் வீட்டுக்கு வருமானம். வீண் பொழுதுபோக்கு!

கைதட்டியவர்களில் பாதிப்பேர் பெண்கள். இதை எழுதத் தூண்டியது அதுதான்.

அவர் எள்ளி நகையாடிய விடயம் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நிற்றிங் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் ஊசிப்பின்னலில் ஈடுபாடுள்ளவர்கள் உலகெங்கும் தமக்குள் கைவேலைப் பரிமாற்றங்களை நடத்திவருகிறார்கள். பரிமாற்றத்துக்கு ஒரு கருப்பொருள் இருக்கும். மாயக்கதைகள், அரக்கர், தேவதைகள், பறவைநாகங்கள் என்று கற்பனை உலகைச் சார்ந்த கருப்பொருள்களுக்கு மவுசு அதிகம். சேருபவர் ஒவ்வொருவரும் தமது விருப்பு வெறுப்புகளை எழுதிக் கொடுப்பார்கள்: எந்த நிறம் பிடிக்கும், எந்தக் கதை பிடிக்கும், ஆட்டுக்கம்பளி ஒவ்வாமை உண்டா என்பன. நடத்துபவர் ஒருவருக்கு ஒருவரைச் சோடி சேர்ப்பார். உங்களுக்குக் குறிக்கப்பட்டவருக்காக நீங்கள் ஒன்றைப் பின்னி, குறித்த நாளுக்குள் பொதிசெய்து அனுப்ப வேண்டும். உங்களுக்காக இன்னொருவர் எங்கோ பின்னிக்கொண்டிருப்பார். பணம் கைமாறுவதில்லை. சிலர் அச்சிட்ட பற்றேர்ண் ஒன்றைப் பார்த்துப் பின்னுவார்கள். கெட்டிக்காரர்கள் தாமே பற்றேர்ண் வகுப்பார்கள்.

இதில் எது வீண்?

கொடுத்து வாங்குதலைக் கண்டு நகைக்கும் தமிழரைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது. மொய்க் கொப்பியில் எழுதி வைத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்யும் இனம் நாம். மாத்தளைப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர்கள் வயலில் ஒருவருக்கொருவர் உழைப்பை மாறிக்கொள்ளும் வழக்கத்தை 'அத்தம்' என்பார்கள். மலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலொன்றில், பசிபிக் தீவு மனிதர்கள் சங்கு வளையல்களையும் சிப்பிமாலைகளையும் கடல் கடந்து கொண்டுபோய்ப் பரிமாறும் 'குலா' வளையத்தை விவரித்தார். மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடம். ஆண்கள் தோணியேறிச் சங்கு கொண்டுபோனால் அது மானிடவியல். ஒரு பெண் தபால்நிலையத்துக்குப் பொதி கொண்டுபோனால் மட்டும் வீண் பொழுதுபோக்கு ஆகிவிடுமா?

'பொழுதுபோக்கு' என்ற இந்தச் சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்கள் வீட்டில் இருந்தபடி நூலும் ஊசியும் கொண்டு செய்யும் எந்த வேலையையும் இச்சொல்லால் குறிப்பது நெடுங்காலப் பழக்கம். அது வெறும் அலட்சியத்தால் வந்த பழக்கமென்று நான் நினைக்கவில்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆந்திராவின் நரசாப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னல்சரிகை பின்னினார்கள். அது கப்பலேறி உலகச் சந்தைக்குப் போனது. அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் எழுதிய நூல் 1982இல் வந்தது. நாள் முழுவதும் பின்னிய அந்தப் பெண்களுக்குக் கிடைத்த காசு, விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அரசு விதித்திருந்த ஆகக்குறைந்த கூலியைக்கூட எட்டவில்லை. வியாபாரிகள் சொன்ன நியாயம்: அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், இல்லத்தரசிகள், ஓய்வுநேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கிறார்கள். ஆக, 'பொழுதுபோக்கு' என்பது கூலியைக் குறைப்பதற்கு வசதியான பெயர். நமது பெரியவரும் கைதட்டியோரும் அந்த வியாபாரிகளின் வாசகத்தைத்தான் அறியாமல் ஒப்புவித்தார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. நாகர்கோயிலில் 1820களில் மார்த்தா மோல்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பின்னல்சரிகைப் பள்ளி நடத்தினார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னரே, சரிகை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் அங்கு இருந்தார்கள். ஊசிவேலை என்ன செய்யும் என்று கேட்போருக்கு இது போதும்.

இனிப் பற்றேர்ணுக்கு வருவோம். 'கட்டம் கட்டமாகப் படம் வரைகிறார்கள்' என்று அவர் நையாண்டி செய்தது இதைத்தான். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருமுறையேனும் குனிந்து பார்த்ததில்லை என்பது தெளிவு.

ஒரு தொப்பியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளக்க வேண்டும். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணிகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது சென்ரிமீற்றர் சுற்றளவுக்கு 110 கண்ணிகள். ஆனால் தொப்பியைச் சுற்றி வரவேண்டிய பறவைநாகம் 12 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. 110ஐ 12ஆல் மீதியின்றிப் பிரிக்க முடியாது. ஆகவே 108 அல்லது 120. முதலாவதென்றால் தொப்பி 49 சென்ரிமீற்றர், இரண்டாவதென்றால் 54க்கும் மேல். எந்தத் தலைக்கு எது? இல்லையேல் நாகத்தின் வாலை ஒரு கண்ணி குறைத்து 11 ஆக்கினால் 110 சரியாகப் பொருந்துமே! வாலைக் குறைத்தால் நாகம் நாகமாகத் தெரியுமா?

இதோடு முடிந்துவிடவில்லை. பின்னலின் கண்ணி சதுரமானதன்று. உயரத்திலும் அகலம் அதிகம். அகலவாட்டில் 22 கண்ணி பிடிக்கும் அதே பத்துச் சென்ரிமீற்றருக்கு உயரவாட்டில் முப்பது வரிசை வரை பிடிக்கும். சதுரக் கட்டத்தாளில் அழகாக வரைந்த நாகத்தை அப்படியே பின்னினால் தலையில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் நசுங்கிப்போகும். அதனால் தாளில் நீட்டி வரைய வேண்டும். இரண்டு நிற நூல்களால் பின்னும்போது, பயன்படாத நிறம் துணியின் பின்புறமாக ஓடும். அந்த ஓட்டம் நீண்டுவிட்டால் விரல் மாட்டிக்கொள்ளும், துணி சுருங்கும். ஆகவே ஒரே நிறம் தொடர்ந்து நெடுந்தூரம் வராதபடி வடிவத்தை அமைக்க வேண்டும். துளைப்பின்னல் என்றால் வேறு கணக்கு: ஒவ்வொரு துளையும் ஒரு கண்ணியைக் கூட்டிவிடும், அதற்கு ஈடாக அருகிலெங்கோ இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கி ஒன்றைக் குறைக்க வேண்டும். வரவும் செலவும் வரிசைக்கு வரிசை ஒத்துப்போகாவிட்டால் துணி விரியும் அல்லது சுருங்கும். இவ்வளவையும் சரிபார்த்து, பின்னர் சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் மாற்றிக் கணக்கிட்டு, ஒருபோதும் தன்னைக் காணப்போகாத ஒருத்தி வாசித்துப் பின்னக்கூடியதாகக் குறியீட்டில் எழுத வேண்டும்.

இதை நான் என் கல்லூரிக்கால நண்பரான பொறியியலாளர் ஒருவரிடம் சொன்னபோது, "இது உற்பத்தி வரைபடம் அல்லவா?" என்றார். அவர் செய்தால் அதற்குப் பெயர் வரைபடம்.

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வாசலில் குந்தியிருந்து பெண்கள் இடும் புள்ளிக்கோலத்தைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1970களில் எடுத்து ஆராய்ந்து, அதில் கணினி விஞ்ஞானத்துக்குரிய இலக்கண விதிகள் இருப்பதைக் காட்டினார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை 1997இல் செய்த காரியம் இன்னும் சுவையானது. அதிபரவளையத் தளம் என்று கணிதவியலாளர் சொல்லும் வளைந்த வெளியைக் கையிலெடுத்துக் காட்டத் தாங்கி நிற்கும் மாதிரி ஒன்று வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை. கடதாசியில் செய்தவை கிழிந்துபோயின. அவர் குரோஷே ஊசியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு என்ற ஒரே விதியோடு பின்னிக்கொண்டே போனார். மாதிரி வந்துவிட்டது. அவரை வீணாகப் பொழுதைப் போக்கினார் என்று சொல்லத் துணிவோர் கைதூக்கலாம்.

கையறிவை எழுத்தில் வைப்பது பற்றிப் பேசுவதற்கு மாத்தளையைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை. நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயனின் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டுமே காப்பாற்றப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்தன, ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்ற அச்சம் பிறந்தது, எழுதினார்கள். பின்னல்வேலையும் பல நூற்றாண்டுகளாகக் கையிலிருந்து கைக்கு மட்டுமே போனது. எகிப்தில் கிடைத்த பழைய பின்னற் காலுறைகள் ஆயிரம் ஆண்டளவு பழையவை. ஆனால் ஆங்கிலத்தில் அச்சான முதற் பின்னற் குறிப்புகளுள் ஒன்று வெளிவந்தது 1655இல்தான். இடையில் எத்தனை வடிவங்கள் எத்தனை பாட்டிமாரோடு மண்ணுக்குள் போயினவோ! எலிசபெத் சிம்மர்மன் என்ற புகழ்பெற்ற பின்னல் வடிவமைப்பாளர், தாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை என்பார்; எவளோ ஒருத்தி எப்போதோ கண்டு, எழுதாமல் விட்டதைத் தாம் மறுபடி கண்டெடுப்பதாகவே சொல்வார். அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே ஆக்கிக்கொண்டவர் அவர்.

இதே அலுவிகாரையில்தான் ஈனா டி சில்வா என்ற பெண்மணி வாழ்ந்து 2015இல் மறைந்தார். இந்நாட்டின் முதல் இலங்கையரான பொலிஸ்மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் தமது மகனோடும் லக்கி சேனநாயக்க போன்ற கலைஞர்களோடும் சேர்ந்து பற்றிக் துணிக்கலைக்கு இங்கு உயிர் கொடுத்தவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை கடற்கரை விடுதியில் 1969இல் தொங்கிய பற்றிக் கூரைத்திரையைப் பற்றிக் கட்டடக்கலை நூல்கள் இன்றும் பேசுகின்றன. அவர் 1980களில் சொந்த ஊருக்குத் திரும்பி, அயற்கிராமப் பெண்களைச் சேர்த்து, பற்றிக்கும் தையற்பூவேலையும் செய்யும் ஒரு கூட்டுறவை வளர்த்தார். நிறத்திலும் வடிவத்திலும் அந்தப் பெண்களுக்கு இருந்த துணிவை அங்கு போனவர்கள் அறிவார்கள். ஈனாவை நான் போற்றுகிறேன். ஆயினும் ஒரு நெருடலைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கூட்டுறவில் நிறத்தைத் தேர்ந்து ஊசியைக் குத்திய பெண்களில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டால், கலையார்வலர்கள் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் மௌனமாகிவிடுவார்கள்.

பெயரழிந்து போகும் இந்த நோய் நம் தமிழ்ப் பெருமைக்குள்ளும் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி என்றால் நம்மவர் மார்பு விரியும். கொழும்பில் 1877இல் பிறந்த தமிழர், உலகம் போற்றிய கலை விமர்சகர். கண்டி இராச்சியக் கைவினைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' 425 பிரதிகளே அச்சானது. இன்றும் அதற்கு நிகரான நூல் வரவில்லை. அந்த நூலுக்கான படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் யார்? கிராமம் கிராமமாக அவரோடு சென்ற அவருடைய மனைவி எதெல். கண்டிப் பிரதேசத்துப் பழைய தையற்பூவேலையைத் தையல் தையலாக நோக்கிய கண் அவருடையது. பின்னாளில் இங்கிலாந்து திரும்பி, எதெல் மேரே என்ற பெயரில், கைநெசவுக்கும் இயற்கைச் சாயத்துக்கும் அந்நாட்டில் மறுவாழ்வு கொடுத்தவரும் அவரே. 1916இல் தாவரச் சாயங்கள் குறித்து அவர் எழுதிய நூலைச் சாயமிடுவோர் இன்றும் புரட்டுகிறார்கள். ஆனந்தருக்கு நாம் எடுக்காத விழா இல்லை. எதெலைப் பற்றித் தமிழில் பத்துப் பக்கம் உண்டா? ஊசியைப் பிடித்தவர் ஒதுங்கிக்கொள்ள, பேனா பிடித்தவர் நிமிர்ந்து நிற்கிறார். நானும் பேனா பிடித்தே பிழைத்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.

மாத்தளையின் ஹபுவிட கிராமத்து அரக்குவேலையைக் கண்டிருக்கிறீர்களா? அரக்கைச் சூடாக்கிச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் பச்சையுமாக மெல்லிய இழைகளாக இழுத்து, சூடு ஆறுமுன் மரத்தின்மீது பதித்து, பெருவிரல் நகத்தால் வெட்டி வடிவம் ஆக்குவார்கள். நகவேலை என்றே அதற்குச் சிங்களத்தில் பெயர். ஊசிகூட இல்லாத ஒருவகை நூல்வேலை! விகாரைகளின் குடைக்கம்புகளும் ஓலைச்சுவடிகளின் மரச்சட்டங்களும் இவ்வாறு அலங்கரிக்கப்பட்டன. திரிபிடகம் எழுதப்பட்ட மாவட்டத்திலேயே சுவடியைப் பொதியும் சட்டத்துக்கும் கலை பிறந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். நான் அதை இரசிக்கிறேன். இக்கலையின் வடிவங்கள் பரம்பரைச் சொத்து. ஆயினும் கடையில் அதை வாங்கும்போது சிட்டையில் விலை இருக்கும், செய்தவரின் பெயர் இருக்காது.

இப்போது, பெரியவரின் உரையில் அதிகம் கைதட்டல் பெற்ற பகுதிக்கு வருகிறேன். 'சூனியக்காரன் தொப்பி, பறக்கும் பாம்பு' என்று அவர் சிரித்த பகுதி. அந்நியக் கற்பனைக்கு அடிமையாகிறோம் என்ற பண்பாட்டுக் கவலை அதில் இருந்தது. புலம்பெயர்ந்த வாசகர் பலரும் இதே கவலையை எனக்கு எழுதுகிறார்கள்: ரொறன்ரோவில் மகள் ஹரி பொற்றர் சால்வை பின்னுகிறாள், திருக்குறள் படிக்க மாட்டேன் என்கிறாள். (சால்வை பின்னாதிருந்தால் திருக்குறள் படிப்பாள் என்பதற்கு என்ன உத்தரவாதமோ, அறியேன்.)

மாத்தளைக்காரன் கற்பனை விலங்கைக் கண்டு முகம் சுளிப்பது விந்தை. விகாரை வாசலில் தலைக்கு மேலே நிற்கும் மகரதோரணத்தைப் பாருங்கள்: முதலைவாய், யானைத்துதிக்கை, மீனுடல். எந்தக் காட்டில் உலவுகிறது இந்த மிருகம்? கண்டிக் கலையில் இருதலைப் பறவை இருக்கிறது. பக்கத்து மாவட்டத்து எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் இன்றும் அதைக் காணலாம். சங்கப் புலவர்களுக்கும் இருதலைப்புள் தெரிந்தே இருந்தது. யானையும் சிங்கமும் கலந்த உருவம், பாதி மனிதர் பாதிப் பறவையான கின்னரர், நமது தேர்களைத் தாங்கும் யாளி. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேரைக் காண வீதியின் இருமருங்கும் நிற்கும் சனத்தில் எவரும், "இது இயற்கைக்கு மாறானது, வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பியதில்லை. மாவட்டத்தின் வடபகுதியில் நாலந்த கெடிகே நிற்கிறது: பல்லவர் பாணிக் கற்கோயில், ஆனால் வழிபாட்டுச் சுவடு பௌத்தம். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று யாரும் வழக்காடியதாகத் தெரியவில்லை, எடுத்துக் கட்டினார்கள். போவத்தென்ன நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கும் என்றபோது கல் கல்லாகக் கழற்றி உயரத்தில் மறுபடி அடுக்கியதும் நாம்தான். கலந்து பிறந்தது என்பதற்காக எவரும் அதை நீருக்குள் விடவில்லை.

நமது பிள்ளை பறவைநாகத்தைப் பின்னும்போது கட்டத்தாளில் அதற்கு மகரத்தின் மூக்கு வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். எவரும் சொல்லிக் கொடுக்காமலே வருகிறது. அதை அனுப்பினால் பெறுபவள் வியந்து, இது என்ன விலங்கு என்று கேட்டு எழுதுவாள். எந்தப் பண்பாட்டுத் தூதுக்குழு இதைவிட நன்றாக வேலை செய்யும்?

கற்பனைக் கதைக்கான பின்னல் அற்பமானதென்றால், பெருநிறுவனங்கள் அதன்பின் ஏன் ஓடுகின்றன? 2008இல் பிரித்தானியாவில் ஒரு பெண், 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் வந்த கொழுகொழுவென்ற வேற்றுக்கிரகப் பிராணிக்குத் தானே பற்றேர்ண் வகுத்து இலவசமாக வெளியிட்டார். அதைப் பார்த்துப் பின்னிய வேறு சிலர் பொம்மையை விற்கத் தொடங்கினார்கள். பி.பி.சி. நிறுவனம் பற்றேர்ணை அகற்றும்படி கேட்டது. 2002இல் வெளியான 'ஃபயர்ஃபிளை' தொடரில் ஒரு முரடனுக்கு அவன் தாய் பின்னி அனுப்பும், காது மூடிய செம்மஞ்சள் தொப்பி ஒன்று வரும். இரசிகைகள் பத்தாண்டுகளாக அதைப் பின்னி விற்றுவந்தார்கள். 2013இல் ஃபொக்ஸ் நிறுவனம் அந்தத் தொப்பிக்கு உரிமம் வழங்கித் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியதும், கையால் பின்னி விற்றவர்களுக்குச் சட்டக் கடிதங்கள் போயின. கதைக்குள் அம்மா பின்னிய தொப்பி; கதைக்கு வெளியே அம்மாமார் பின்னக்கூடாதாம்! இந்த வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நான் சுட்டுவது ஒன்றே: கோட்டுக்காரச் சட்டத்தரணிகளுக்கு ஒரு தொப்பியின் கண்ணிக் கணக்கு எவ்வளவு பெறுமதி என்பது தெரிந்திருக்கிறது. நமது மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியவில்லை.

நமது நாட்டுச் சட்டமும் அவ்வளவு குருடன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பயன்பாட்டுக் கலைப் படைப்புகளை, அவை கையால் செய்யப்பட்டாலும், பதிப்புரிமைக்கு உரியனவாகக் கொள்கிறது. அதாவது ஹபுவிடவில் நகத்தால் கீறியவரும் றத்தோட்டையில் கண்ணி எண்ணியவளும் சட்டத்தின் முன் படைப்பாளிகள். இதை அவர்களிடம் போய்ச் சொன்ன உத்தியோகத்தர் எவரையும் இந்த முப்பது வருடப் பத்திரிகை வாழ்வில் நான் சந்திக்கவில்லை.

இனி அந்தக் கால்மிதிக்கு வருவோம். வருமானம்தானே அவருடைய வாதம்? சரி, வருமானத்தையே பேசுவோம்.

மலையகத்தில் பெண்களுக்கான சுயதொழில் பயிற்சிநெறிகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. செய்தியாளனாக நான் போய்ப் படம் பிடித்த சான்றிதழ் வைபவங்களுக்குக் கணக்கில்லை. ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து பெண்களுக்கும் ஒரே கால்மிதி, ஒரே தலையணையுறை, ஒரே கம்பளிப்பூ. அடுத்த தோட்டத்திலும் அதுவே. பயிற்சி முடிந்ததும் ஐம்பது பேர் ஒரே பொருளை ஒரே சந்தைக்குக் கொண்டுவந்து ஒருவர் விலையை ஒருவர் குறைப்பார்கள். நூல் விற்றவனுக்கு மட்டும் இலாபம். 'இதைப் பார், இப்படிச் செய்' என்று சொல்லிக்கொடுத்தார்களே தவிர, 'நீ ஒன்றை வகுத்துக் காட்டு' என்று எவரும் சொல்லவில்லை. 1982இல் தேசிய அருங்கலைகள் பேரவைக்கும் தேசிய வடிவமைப்பு நிலையத்துக்கும் சட்டம் செய்தபோதே, வடிவமைப்பது ஒருவர் வேலை, செய்வது வேறொருவர் வேலை என்ற பிரிவினை நமது அரசாங்க மூளைக்குள் குடியேறிவிட்டது. அதில் தோட்டத்துப் பெண் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறித்த கையல்லவா! கையை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள், அந்தக் கைக்கு மேலே ஒரு தலை இருப்பதை ஏன் கவனிக்கப்போகிறார்கள்? மழைக்குப் போர்த்த ஒரு கம்பளியைக் கொடுத்து, அதன் விலையையும் கூலியில் பிடித்துக்கொண்ட வரலாறு இந்தத் தோட்டங்களுக்கு உண்டு.

பின்னல் பற்றேர்ண் ஒன்று இணையத்தில் ஆறேழு அமெரிக்க டொலருக்கு விற்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி பல வருடப் போராட்டத்துக்குப் பின் ஆயிரம் ரூபாயானது 2021இல். அந்த ஆண்டு டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாய். அதாவது ஒரு பற்றேர்ணின் ஒரே ஒரு பிரதி விற்றால் அன்றைய கணக்கில் ஒரு நாட்கூலிக்கு மேல். அடுத்த ஆண்டு நெருக்கடியில் டொலர் 360ஐத் தாண்டியபோது வெளியிலிருந்து வரும் நூலின் விலையும் ஏறியது, கால்மிதிக்காரி இடிந்தாள். பற்றேர்ண் வகுப்பவளுக்கோ நூல் ஒரு மாதிரிக்கு மட்டும் போதும். அவள் விற்பது தாள்கூட அல்ல, கோப்பு. அதற்கு எடையில்லை, தபாற்செலவில்லை, இடைத்தரகன் இல்லை. எல்லாப் பெண்களும் இதில் பணக்காரர் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பற்றேர்ண்கள் சில பிரதிகளுக்கு மேல் போவதில்லை. கவிதைத் தொகுதியும் அப்படித்தான். அதற்காகக் கவிஞரைக் கால்மிதி தைக்கச் சொல்கிறோமா?

அந்தச் சந்தைக்குள் நுழையும் வழிதான் பரிமாற்றம். தன் வடிவத்தை முன்பின் அறியாத ஒருத்தி வாசித்துப் பின்ன முடிகிறதா, கனடாக் குளிரில் அது தாக்குப்பிடிக்கிறதா, எங்கே குறிப்பு குழப்புகிறது என்பதையெல்லாம் காசில்லாமல் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் அது. அங்கே பத்துப்பேர் பாராட்டினால் பதினோராவது வடிவத்தை விற்பதற்குத் துணிவு வரும். மாத்தளை வெப்பத்தில் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு மார்கழி மாலையில் றிவஸ்டன் கணவாய்க்கோ எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கோ போய் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. மேடையில் அதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. இலங்கையிலிருந்து பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்காக நீடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசாங்கங்கள் இதோ தீர்க்கிறோம் என்றன. அந்த ஆண்டுகளில் பற்றேர்ண் விற்க முனைந்த பெண்கள் லண்டனிலோ சென்னையிலோ இருக்கும் உறவினரின் கணக்கை இரவல் வாங்க வேண்டியிருந்தது. உறவினர் நல்லவராக இருந்தால் காசு வந்து சேரும். பயிற்சிநெறிக்கு நிதி ஒதுக்கும் திணைக்களங்கள் ஓராண்டுக்குத் தையல் இயந்திரம் வழங்குவதை நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் ஐந்து, பத்து டொலர்களை ஒரு தோட்டத்துப் பெண் தன் பெயரிலுள்ள கணக்கில், வங்கி முகாமையாளரின் குறுக்கு விசாரணையின்றிப் பெறுவதற்கு என்ன செய்ய வேண்டுமென்று மத்திய வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். அடுத்த கண்காட்சியில் விலைச்சிட்டையின் மேல் செய்தவரின் பெயரையும், வடிவம் வகுத்தவர் வேறொருவரென்றால் அவர் பெயரையும் எழுதி ஒட்டலாம். அதற்கு மத்திய வங்கியின் அனுமதிகூடத் தேவையில்லை. ஒரு பேனா போதும்.